நடந்துகொண்டிருப்பவை சித்தூருக்கு, நடந்து முடிந்தவை திருப்பதிக்கு

ஆங்கிலத்தில் எழுதிய ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கிறதா, நடந்து முடிந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல ஓர் அலுவலகம் இருப்பது பிச்சாட்டூர் கருப்பனுக்கு ஐம்பத்தாறு வயது வரை தெரியாது. தெரியாமலே போய்ச் சேர்ந்திருந்தால் புண்ணியம் செய்தவன். ஆனால் சாகக் கிடந்தது அவன் இல்லை, அவன் பெண்டாட்டி சென்னம்மா.

சென்னம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. திருப்பதியில் மூன்று மாதம் வைத்துப் பார்த்த டாக்டர் நல்ல மனிதர். கருப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், கேட்டதைக் கொடுங்கள் என்று தோளைத் தொட்டுச் சொன்னார். சென்னம்மா கேட்டது ஒன்றே ஒன்று. குவைத்தில் ஓர் ஆபீஸ் கட்டடத்தைத் துடைக்கிற வேலைக்குப் போய் நாலு வருஷமாக ஊர் திரும்பாத மகள் பிரியங்காவின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

வாசல் தெரிகிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாள். திருப்பிப் போட்டார்கள்.

பிரியங்கா வேலை செய்த கம்பெனியும் ஒன்றும் கல்நெஞ்சுக் கம்பெனி இல்லை. காரணம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், கீழே அரசாங்க முத்திரை இருக்க வேண்டும், இரண்டும் வந்து சேர்ந்த அன்றைக்கே பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு காகிதம், ஒரு முத்திரை. கருப்பன் நாலு நாளில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நெட் சென்டர் வைத்திருக்கிற ஹரிபாபு கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தைத் திறந்தான்.

"காரணம் என்னா மாமா போடட்டும்?"

"இழுத்துக்கினு கீதுன்னு போடுப்பா. பொண்ணு வந்தா மொகத்தப் பாத்துடுவா."

இழுத்துக்கினு என்பதற்கு யார்தான் ஆங்கிலம் சொல்ல முடியும்? ஒரு மனுஷி போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதை நம்மவர்கள் ஒரு வார்த்தையில் அடக்கி வைத்திருக்கிறார்கள். ஹரிபாபு தலையைச் சொறிந்தான். விண்ணப்பத்தில் 'ஆன் அக்கவுண்ட் ஆஃப்', அதாவது 'இதன் காரணமாக' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அதற்குப் பின்னால் கொஞ்சம்தான் இடம். 'ஹர் மதர்ஸ் டையிங்' என்று தட்டினான். இடமும் சரியாக இருந்தது, அர்த்தமும் சரியாக இருந்தது. இருவரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

வெளிநாட்டுக்குப் போகிற ஆங்கிலக் காகிதத்துக்கு முத்திரை குத்துவது வெளிச்செல்லும் ஆங்கிலச் சீர்மை நிலையம். எந்தக் காலத்திலோ இந்தப் பக்கத்திலிருந்து போன ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு வெளிநாட்டில் ஒரு குமாஸ்தா சிரித்துவிட்டாராம். அந்தச் சிரிப்பை அடக்குவதற்காக ஏற்பட்ட நிலையம் அது. முழு வாக்கியங்களைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. யார், எப்போது என்று தானே சொல்லிவிடுகிற வினை நல்ல வினை. சொல்லாமல் பாதியில் நிற்கிற வினைகள்தான் ஏமாற்றும். நம் இலக்கணத்தில் எச்சம் என்றும் தொழிற்பெயர் என்றும் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிப் படித்தோமே, அதே சாதி. அவற்றைப் பிடித்து விசாரிப்பதே நிலையத்தின் வேலை.

மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது நிலையத்தையும் பிரித்தார்கள். நாற்காலிகளைப் பிரித்தார்கள், மின்விசிறிகளைப் பிரித்தார்கள், கடைசியில் வினைகளையும் பிரித்தார்கள். நடந்துகொண்டிருப்பவை சித்தூருக்கு, நடந்து முடிந்தவை திருப்பதிக்கு. தண்ணீர் வடிகட்டும் மெஷின் மட்டும் இன்னும் கோர்ட்டில் இருக்கிறது.

சாவு நடந்துகொண்டிருந்தபடியால் கருப்பன் முதலில் சித்தூருக்குப் போனான். தொடர்வினைப் பிரிவு அதிகாரி ஸ்வர்ணலதா, நல்ல பெண்மணி. அவனை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் காகிதத்தை எடுத்தார். பெரியவரே என்பதை அந்தப் பக்கத்துத் தெலுங்கில் பெத்தாயனா என்பார்.

"பெத்தாயனா, இந்த டையிங் யாரு எழுதினது?"

"எங்க ஊரு நெட் சென்டர்ல மேடம்."

"கடைசில இங் இருக்கறதப் பாத்துட்டு நடந்துக்கினு இருக்குதுன்னு நெனச்சுட்டீங்க. எல்லாரும் இங்கதான் ஏமாந்துபோறாங்க. முன்னால 'மதர்ஸ்' இருக்குது கதா? அப்போ இது ஜெரண்ட். வெறும் பேரு. சாவுன்னு அர்த்தம், அவ்வளவுதான். அது நடக்குதா, நடந்துடுச்சானு இது வாயத் தொறந்து சொல்லாது. அம்மா செத்துட்டதால லீவு வேணும்னுகூட இதப் படிக்கலாம்."

கருப்பன் பதறிப்போனான். "ஐயோ, சாவல மேடம். காலைல ரெண்டு வாய் கஞ்சி குட்சா. நானே ஊட்டிட்டு வந்தேன்."

"நான் நம்புறேன். காயிதம் நம்பல."

"அப்போ நடந்துக்கினு கீதுன்னு தெரியற மாதிரி நீங்களே ஒரு கோடு போட்டுத் தந்துடுங்க மேடம்."

"போடலாம்னா பீயிங் டையிங்னு போடணும். ஆங்கிலத்துல அப்படி வராது பெத்தாயனா. ரெண்டு இங் அப்படிப் பக்கத்துப் பக்கத்துல ஒக்காராது. நான் என்ன செய்ய?"

ஆங்கிலத்தில் வராததற்கு என் பொஞ்சாதி என்ன செய்வாள் என்று கருப்பனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முத்திரை வேண்டுமே, விழுங்கிக்கொண்டான். சந்தேகம் வந்தால் முடிந்ததாகவே கொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை இருப்பதால் காகிதத்தைத் திருப்பதிக்கு எடுத்துப் போகச் சொன்னார் ஸ்வர்ணலதா. வழியனுப்பும்போது சென்னம்மாவுக்கு உப்புக் குறைத்துக் கொடுக்கச் சொன்னார். அதையும் சொல்ல வேண்டும்.

திருப்பதியில் முற்றுப்பெற்ற வினைப் பிரிவின் இணை இயக்குநர் ஜெகநாதன் மூன்று நாள் கருத்தரங்கில் இருந்தார். நாலாம் நாள் கருப்பனைப் பார்த்தார். டையிங் என்று இருந்த இடத்தில் சிவப்பு மையால் 'ஹேவிங் டைட்' என்று எழுதி, காகிதத்தைத் தள்ளிப் பிடித்து, பெண் பார்க்க வந்தவர் போலப் பார்த்தார்.

"இதுல பாருய்யா, என்ன நிம்மதி! ஹேவிங் டைட். செத்து முடிச்சிருத்தல். குழப்பமே கெடையாது. இருபத்தாறு வருஷமா இந்த டிபார்ட்மென்ட்ல இருக்கேன், முடிஞ்ச காரியத்தப் பத்தி ஒருத்தன் வந்து எங்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணதில்ல. எல்லாத் தொல்லையும் நடந்துக்கினு இருக்கிற காரியத்துலதான். அதனாலதான் நான் சித்தூர் வேணாம்னு கேட்டு வாங்கிக்கினு இங்க வந்தேன். நீ டெத் சர்ட்டிஃபிகேட் கொண்டா, பத்து நிமிஷத்துல முத்திரை."

"அவ உசுரோட கீறா சார்."

"அதான்யா உன் அர்ஜில இருக்கிற குறை."

கருப்பன் வெளியே வந்து மரத்தடியில் நின்றான். அழுகை வந்தது. நடுரோட்டில் ஆட்டோக்காரர்கள் பார்க்க அழக் கூச்சமாக இருந்ததால் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சென்னம்மா தலையைத் தூக்கினாள். வாசலில் நிழல் விழுந்தாலே இப்போதெல்லாம் தூக்குகிறாள்.

"புள்ள கெளம்பிட்டாளா?"

"கெளம்பிக்கினே கீறா."

"கெளம்பிக்கினே கீறாளா, கெளம்பிட்டாளா? சரியாச் சொல்லு."

"கெளம்பிக்கினு கீறா சென்னம்மா. காயிதம் வந்தா ஏறிடுவா."

அவள் தலையைச் சாய்த்துக்கொண்டாள். முப்பது வருஷத்தில் அவன் அவளிடம் பொய் சொன்னதில்லை. இதுவும் பொய் இல்லையே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். அக்காளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த சென்னம்மாவின் தங்கை சுந்தரி கஞ்சிக் குண்டானை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுபடியும் சித்தூர். ஸ்வர்ணலதா இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அவருக்கே அதில் சந்தோஷம்.

"ஜெரண்ட்லதான் வராது. டு போட்டு எழுதினா வரும். 'டு பி டையிங்'. இழுத்துக்கினு இருக்கறதா. அச்சு அசல் நம்ம பிரிவு! ஆனா அது தனியா நிக்காது. 'டு பி டையிங்னு சொல்லப்படறதால'ன்னு முன்னால ஒரு ஆள் சொல்லணும். யாரு சொல்றாங்க?"

"நான்தான் சொல்றேன் மேடம்."

"நீங்க புருஷன். நீங்க சொன்னா அது துக்கம். டாக்டர் சொன்னாத்தான் செய்தி."

அந்த நல்ல டாக்டரைத் தேடிப் போனான். அவரும் மறுக்கவில்லை. பாவம், அவர் இலக்கணம் பார்க்காமல் மனசைப் பார்த்து எழுதினார். 'எக்ஸ்பெக்டட் டு டை'. இறந்துவிடுவார் என எதிர்பார்க்கப்படுகிறது.

ஸ்வர்ணலதா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பி எங்க? இங் எங்க? மொட்டையா டு டைனு எழுதிட்டாரே. இது நடக்கிறதும் இல்ல, நடந்ததும் இல்ல. இனிமே நடக்கப்போறது. நடக்கப்போறதுக்கு எங்ககிட்ட பிரிவே இல்லீங்க. அதுக்கெல்லாம் ஜனங்க மலையேறிப் போய் வேண்டிக்கிறாங்க."

டாக்டரிடம் திரும்பி ஓடினால் அவர் ஊரில் இல்லை, வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். பதினைந்தாம் நாள் ஆகிவிட்டது. சென்னம்மாவுக்குக் கஞ்சி இறங்கவில்லை. பிரியங்கா தினமும் வேலை முடிந்து போன் செய்தாள். முத்திரை குத்திட்டாங்களா நைனா என்பதுதான் முதல் கேள்வி. கருப்பன் ஒவ்வொரு நாளும் குத்திக்கினு கீறாங்க என்றான்.

கடைசியில் ஸ்வர்ணலதாவே திருப்பதிக்குப் போன் போட்டார். இரண்டு பிரிவும் குறை சொல்ல முடியாத ஒரு வடிவம் இருந்தது. 'ஹேவிங் பீன் டையிங்.' முன்னமே தொடங்கி, இன்னும் விடாமல் இழுத்துக்கொண்டிருத்தல். கருப்பனுக்கு அதைத் தமிழில் சொன்னபோது அவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"அதான் மேடம்! மொத நாளே நான் அதத்தான் சொன்னேன்!"

ஆனால் அதில் ஹேவிங் இருப்பதால் பாதி திருப்பதிக்குச் சொந்தம். இங் இருப்பதால் பாதி சித்தூருக்குச் சொந்தம். இரண்டு அதிகாரிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். சித்தூருக்கு வர ஜெகநாதன் சம்மதிக்கவில்லை. திருப்பதிக்குப் போனால் வடிகட்டி வழக்கில் தோற்றதுபோல ஆகும் என்று சித்தூர்க்காரர்கள் ஸ்வர்ணலதாவை விடவில்லை. கடைசியில் பொதுவாகக் காணிப்பாக்கம் என்று முடிவானது. அதில் இன்னொரு வசதியும் இருந்தது. நோயாளி இழுத்துக்கொண்டிருப்பதற்கு வேறு சாட்சி இல்லாதபடியால், குளத்தில் முழுகி ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் கருப்பன் சத்தியம் செய்துவிடலாம். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்கிற துணிச்சல் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எவனுக்கும் கிடையாது. நிலையத்துக்கே அது தெரிந்திருந்தது.

பத்தொன்பதாம் நாள் காலையில் கருப்பன் கிளம்பும்போது சென்னம்மா பேசவில்லை. கண் மட்டும் வாசலில் இருந்தது. "இன்னிக்கி முடிஞ்சிடும்" என்று அவள் காதில் சொன்னான்.

காணிப்பாக்கத்தில் ஒரு சத்திரத்து வராந்தாவில் மேஜை போட்டு, நடுவில் சத்தியப் பதிவேட்டை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெகநாதன் ஒரு சிற்றுரை ஆற்றினார். மாவட்டம் பிரிந்த பிறகு முதல் தடவையாக இரண்டு பிரிவுகளும் ஒரே வினையில் சந்திக்கின்றன என்றும், இப்படிப்பட்ட அருமையான நிலைமையை ஏற்படுத்திக் கொடுத்த நோயாளிக்குத் துறை கடமைப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார். அட்டெண்டர் ரமணா கை தட்டினார்.

கருப்பன் போனை ரமணாவிடம் கொடுத்துவிட்டுக் குளத்தில் இறங்கினான். மூன்று முழுக்குப் போட்டான். தண்ணீர் சொட்டச் சொட்டச் சன்னிதிக்கு முன்னால் நின்று கற்பூரத்தில் கை வைத்தான்.

"என் பொஞ்சாதி சென்னம்மாவுக்கு இழுத்துக்கினு கீது சாமி. இது சத்தியம்."

பதினொன்று இருபத்தைந்து என்று பதிவேட்டில் எழுதினார்கள்.

வெளியே வந்தபோது ரமணா போனை நீட்டினார். "சுந்தரின்னு மூணு தபா அடிச்சிச்சி. சாட்சி நடந்துக்கினு இருக்கும்போது எடுக்கக் கூடாதுன்னு ரூல்."

கருப்பன் திருப்பிக் கூப்பிட்டான். கை ஈரமாக இருந்ததால் போன் இரண்டு தடவை வழுக்கியது.

"மாமா, அக்கா போயிடுச்சி மாமா."

அவன் போனைக் காதில் வைத்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டான். ஸ்வர்ணலதா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். ஜெகநாதனும் வந்தார். அவன் கையிலிருந்து போனை மெதுவாக எடுத்து, "எத்தனை மணிக்கும்மா? கரெக்டா சொல்லு" என்று கேட்டார். சுந்தரி அழுகைக்கு நடுவே பதினொன்று பத்து என்றாள்.

"பதினஞ்சு நிமிஷம்" என்றார் ஜெகநாதன். "சத்தியம் பண்ணப்போ இவன் பொஞ்சாதி இழுத்துக்கினு இல்ல."

வாழ்க்கையில் ஒரு தடவை காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்தான் கருப்பன். மனசறிந்து ஒரு சொல் தப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் அது பொய்ச் சத்தியமாகிவிட்டது. தலையிலிருந்து இன்னும் குளத்துத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் அவன் அழுவது தனியாகத் தெரியவில்லை.

"போகட்டும் விடுங்க சார்" என்றார் ஸ்வர்ணலதா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே கையால் கோப்பைக் கட்டி ஜெகநாதன் பக்கம் நகர்த்தினார். "இனி இது உங்க பிரிவு."

சொன்னால் நம்பமாட்டீர்கள், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. திருப்பதி முத்திரை ஜெகநாதனின் பையிலேயே இருந்தது. 'ஹர் மதர்ஸ் ஹேவிங் டைட்' என்று எழுதி, இறப்புச் சான்றிதழைப் பிறகு இணைத்துக்கொள்ளலாம் என்று விதியைக்கூடத் தளர்த்தி, ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். குவைத்துக்கு அங்கேயே போனில் படம் எடுத்து அனுப்பினார்கள்.

"வாழ்த்துக்கள்னு சொல்லக் கூடாது" என்று அவன் ஈரத் தோளில் கை வைத்தார் ஜெகநாதன். "ஆனா ஒண்ணு சொல்றேன்யா. இப்ப உன் அர்ஜில ஒரு குறை கெடையாது."

கம்பெனியிலிருந்து மறுநாள் பதில் வந்தது. மிகத் தெளிவான ஆங்கிலத்தில் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்திருந்தார்கள். விடுப்பு தாயாரைக் காண்பதற்காகக் கேட்கப்பட்டது, தாயார் இறந்துவிட்டமை அரசு முத்திரையால் உறுதியாகிறது, ஆகவே விண்ணப்பத்துக்குக் காரணம் முடிந்துவிட்டபடியால் கோப்பும் முடிக்கப்படுகிறது. ஹரிபாபு அதைப் படித்துத் தமிழில் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து, கடையைப் பூட்டிக்கொண்டு கருப்பனோடு வீடு வரைக்கும் நடந்து வந்தான்.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்து எல்லாரும் தின்றும் தின்னாமலும் கலைந்த பிற்பகலில் பிரியங்கா போன் செய்தாள். கட்டில் இன்னும் வாசலைப் பார்த்தபடியே கிடந்தது. கருப்பன் அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். சுந்தரி கீழே தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

 மகள் கேட்டாள்.

"நைனா, அம்மா என்னக் கேட்டுச்சா?"

"கேட்டாம்மா."

"வாசலப் பாத்துக்கினு இருந்துச்சாமே. சித்தி சொல்லிச்சி."

"ஆமா."

"கடைசி வரைக்கும் பாத்துக்கினே இருந்துச்சா? இல்ல, பாத்துட்டு, போதும்னு கண்ண மூடிக்கிச்சா? நைனா, சரியாச் சொல்லு. எனக்கு இது மட்டும் தெரியணும்."

கருப்பன் சுந்தரியைப் பார்த்தான். அவள் முதல் நாளே அவனிடம் எல்லாம் சொல்லியிருந்தாள். கடைசி மூச்சு வரைக்கும் கண் வாசலை விட்டு நகரவில்லை. புள்ள வந்துட்டாளா, வந்துட்டாளா என்று உதடு அசைந்துகொண்டே இருந்தது. உயிர் போன பிறகும் இமை மூடவில்லை, சுந்தரிதான் விரலால் மூடிவிட்டாள்.

பத்தொன்பது நாள் இதே கேள்வியைத்தான் அவனிடம் எல்லாரும் கேட்டார்கள். நடந்துகொண்டிருந்ததா, முடிந்துவிட்டதா? ஒருவரிடமும் அவன் மாற்றிச் சொல்லவில்லை. பிள்ளையாரிடம்கூட உள்ளதைத்தான் சொன்னான்.

"இல்லம்மா" என்றான். "காலைல கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் புள்ள கெளம்பிட்டாளான்னு கேட்டா. கெளம்பிட்டான்னு சொன்னேன். சிரிச்சா. கண்ண மூடி நல்லாத் தூங்கிட்டா."

அந்தப் பக்கம் பிரியங்கா வாய்விட்டு அழத் தொடங்கினாள். மூன்று நாளாக அழ முடியாமல் இருந்தவள். கருப்பன் போனைக் காதிலிருந்து எடுக்காமல், அவள் அழுது முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.